கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவர்

கேண்டிடேட் என்ற சொல்லை ஒரு மாதம் முழுக்க என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொருள் அவளுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலிருந்து எத்தனையோ தாள்களில் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது அதன் பிறப்பை.

லத்தீனில் வெள்ளைக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஆல்பஸ் என்றால் வெறும் வெள்ளை. சுவருக்கு அடித்த சுண்ணாம்பு காய்ந்த பிறகு இருக்குமே, அது. கேண்டிடஸ் என்றால் ஒளிவிடும் வெள்ளை. பழைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் மேலாடையில் சீமைச்சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்துக் கண் கூசும்படி வெளுக்கவைத்து, அதை உடுத்திக்கொண்டு கடைவீதியில் நடந்து ஓட்டுக் கேட்பார்களாம். அப்படி வெள்ளை உடுத்தியவன் கேண்டிடாட்டஸ். அவன்தான் இன்றைய கேண்டிடேட். மெழுகுவத்தியைக் குறிக்கும் கேண்டில் என்ற சொல்லும் அதே வேரில் வந்தது.

என்னிடம் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருக்கிறது. தபால்வழியில் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒவ்வொரு சொல்லுக்குக் கீழேயும் பொடி எழுத்தில் அதன் வேர் இருக்கும். என் கணவர் திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் போகும் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளை ஒருபக்கம் தள்ளிவிட்டு நான் ட்யூஷன் எடுக்கிறேன். இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இந்தத் தெருவில் அகராதி வைத்திருப்பவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

கப்பலில் வேலைக்குப் போக வேண்டும் என்பது மகளின் ஆசை. ஒன்பதாவது படிக்கும்போதே சொன்னாள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால், துறைமுகத்துக்குள் இடம் கிடைக்கக் காத்துக்கொண்டு தூரத்தில் நிற்கும் கப்பல்கள் தெரியும். ஏன் அந்த ஆசை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதை எப்படி நிறைவேற்றுவது என்ற பொறுப்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது முடித்த வருடம் ஒரு கப்பல் கம்பெனியின் எழுத்துத் தேர்வில் தேறினாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. அந்த ஒரு நேர்முகம்தான் மிச்சம். அதில் தேறினால் பயிற்சி, பிறகு கப்பல். தேறாவிட்டால் பின்னறையில் என்னோடு ட்யூஷன். கடிதத்தின் அடியில், கேண்டிடேட்கள் வெள்ளை முழுக்கைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் அணிந்து வர வேண்டும் என்று இருந்தது. அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்பார்கள், அப்போது இந்தச் சொல்லின் கதையிலிருந்து தொடங்கு என்று சொன்னேன். ரோமில் ஆரம்பித்து உன் வெள்ளைச் சட்டையில் கொண்டுவந்து முடி. இப்படி ஒரு பதிலை வேறு எந்தப் பிள்ளையும் சொல்லாது.

"கேக்குறவங்களுக்குச் சிரிப்பு வரும்மா" என்றாள்.

"ஏற்கெனவே நீ வாயைத் திறந்தா சிரிப்புதான் வருது" என்றேன்.

அவள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தோழிகளோடு பேசும்போது 'இன்னா', 'கீது', 'வந்துகினு' எல்லாம் வரும். வீட்டில் அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுத்ததில்லை. சின்ன வயதில் 'வூடு' என்று சொன்னதற்காக 'வீடு' என்று ஐம்பது தடவை எழுதவைத்திருக்கிறேன். அந்த மாதம் அவள் ஆங்கிலத்தை அதேபோல் பிடித்துக்கொண்டேன். பேசுவதைப் போனில் பதிவுசெய்து அவளுக்கே போட்டுக் காட்டினேன். "கேளு. எங்க இழுக்கிறே, எங்க முழுங்குறே, நீயே கேளு." திக்கினால் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் முதலிலிருந்து சொல்லவைத்தேன். கூச்சம் போக வேண்டும் என்று காரணம் சொன்னேன். ஒரு தடவை அவள் பாதியில் அழுதுவிட்டாள். அழுகையையும் பதிவுசெய்து போட்டுக் காட்டினேன். அந்தப் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க எத்தனையோ தடவை எடுத்தேன்.

மீன் விற்றுவிட்டுப் போகிற வழியில் வெற்றிலை வாங்க வரும் பெண் ஒருத்தி அதைத் தினமும் பார்ப்பாள். என் வயதுதான் இருக்கும். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்பாள்.

"இன்னாக்கா, பாப்பாவ இந்தப் பொரட்டு பொரட்டற? அது இன்னா வறுக்கற மீனா?"

"நேர்முகத் தேர்வு இருக்கு. கப்பல் வேலைக்கு."

"கடலுக்குப் போறதுக்கா இவ்ளோ இங்கிலீசு? எங்காளு லுங்கியத் தூக்கிக் கட்டிகினு போவுது, வருது. கடலு இன்னா, கேள்வியா கேக்குது?"

என் மகள் சிரித்துவிட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "சிரிச்சது போதும், முதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் துணி காயப்போட ஒரு முறை இருக்கிறது. கடல் எங்களுக்குக் கிழக்கே. தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் கரிக் குவியல்களும் மேற்கே. விடியற்காலையில் காற்று மேற்கிலிருந்து வரும். அதில் கரித்தூள் வரும். எள்ளைவிடச் சின்னது, மினுங்கும் கறுப்பு. நண்பகலுக்கு முன்பின்னாகக் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். அதன் பிறகுதான் இங்கே யாரும் வெள்ளைத் துணியை மாடிக்குக் கொண்டுபோவார்கள். விளக்கு வைப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். தப்பித்தவறிக் கரி விழுந்துவிட்டால் கை வைக்கக் கூடாது. துணியை உதற வேண்டும், அல்லது பின்பக்கத்திலிருந்து விரலால் சுண்டி விட வேண்டும். வந்தபடியே போய்விடும். தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். ஈரக்கையால் தேய்த்தால் அந்தத் துணியை மறந்துவிடலாம். இது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். குடிவந்த முதல் மாதத்திலேயே எனக்கும் தெரிந்துவிட்டது.

நேர்முகத்துக்கு முந்தின நாள் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு, சொட்டு நீலம் விட்டு அலசினேன். மதியம் காற்று திரும்பிய பிறகு காயப்போட்டேன். சாயங்காலம் எடுத்தபோது நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் போதவில்லை. ஆல்பஸாக இருக்கிறது, கேண்டிடஸாக இல்லை என்று நினைத்தேன். ஒரு மனுஷி நிஜமாகவே இப்படி நினைத்தாள். மறுநாள் அதிகாலையில் எழுந்து இன்னும் இரண்டு சொட்டு நீலம் விட்டு மறுபடி அலசினேன். ஃபேனுக்கு அடியில் போட்டேன். இஸ்திரி போட எடுத்தபோது காலரின் மடிப்பில் மட்டும் ஈரம் நின்றது. வெயில் வந்திருந்தது. அரை மணி நேரம்தானே என்று மாடிக்குக் கொண்டுபோனேன்.

மகள் தலை பின்னிக்கொண்டு மாடிக்கு வந்தபோது நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வலது காலரில், பட்டனுக்கு மேலே, ஒரே ஒரு புள்ளி.

"ம்மா, கை வெக்காத. சுண்டிவிடு."

அவள் சொல்லி முடிக்கும்போது என் கட்டைவிரல் காலர் மேல் இருந்தது. எச்சில் தொட்ட விரல். இழுத்தேன். புள்ளி ஒரு அங்குலக் கோடாக ஆனது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கோடு கறையாக ஆனது.

"ம்மா, வுடும்மா!"

திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தேன். "நேத்தே இஸ்திரி போட்டு வைன்னு சொன்னேன்ல? ஒரு வேலை உருப்படியாச் செய்வியா நீ?"

நான் சொல்லவே இல்லை. அவள் கேட்டும், சட்டையைத் தொட விட்டதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கன்னத்தில் கை வைக்கக்கூட இல்லை.

கீழே கடை திறந்துகொண்டிருந்த என் கணவர் சத்தம் கேட்டு மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்தார். "ஏளா, நல்ல காரியத்துக்குப் போற நாளும் அதுவுமா பிள்ளய ஏன் அடிக்க?"

"உங்க பிள்ளை பண்ணின காரியத்தைப் பாருங்க."

அவர் சட்டையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். என் விரல் கறுப்பாக இருந்தது. இறங்கிப் போய்விட்டார்.

வேறு முழுக்கை வெள்ளைச் சட்டை இல்லை. துணிக்கடைகள் திறக்கும் நேரமும் இல்லை. முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்துக் கறையின் மேல் அப்பினேன். ஊதினேன். மறுபடி அப்பினேன். கறை சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வட்டமாக உட்கார்ந்துகொண்டது. என்ன செய்கிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓட்டுக் கேட்கப் போகிறவன் ஆடையில் சுண்ணாம்பு தேய்க்கும் ரோமானியனின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

விம்கோ நகர் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தோம். வழியெல்லாம் அவள் காலரையே பார்த்துக்கொண்டு வந்தேன். திருவொற்றியூர் தாண்டியதும், "சொல்லு ஒரு தடவை" என்றேன். முணுமுணுப்பாகச் சொன்னாள், ஒரு பிழையும் இல்லாமல்.

கம்பெனி அலுவலகம் துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. தாழ்வாரத்தில் முப்பது பிள்ளைகளுக்குமேல் இருந்தார்கள். எல்லோரும் வெள்ளை. பெண்கள் நான்கு பேர். என் பக்கத்தில் ஒரு பையனின் அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அந்தப் பக்கமா? நாங்க அந்த ரோட்ல போனா கார் கண்ணாடிய ஏத்திடுவோம்" என்று சிரித்தார். பிறகு குனிந்து மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "மேடம், பொண்ணு காலர்ல ஏதோ இருக்கு பாருங்க" என்றார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று பார்த்தாள்.

"எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்லை சார்" என்றேன். "சுத்தம்னா என்னன்னே தெரியாது இவளுக்கு."

அவர் தலையாட்டினார். அந்தப் பையன் என் மகளைப் பார்த்துவிட்டுத் தன் காலரைத் தொட்டுக்கொண்டான். அவள் எழுந்து போய்த் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், ஜன்னல் பக்கமாக நின்றுகொண்டாள். கூப்பிடும்வரை திரும்பி வரவில்லை.

உள்ளே போன சில நிமிடங்களில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆண்களின் சிரிப்பு. மூடிய கதவைத் தாண்டி வந்த சிரிப்பு. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கைப்பையின் வாரை நான் எத்தனை தடவை முறுக்கினேனோ, அன்று வீட்டுக்கு வந்து பார்த்தபோது தையல் விட்டிருந்தது. பிறகு மறுபடி சிரிப்பு, முதலில் கேட்டதைவிடப் பெரிதாக.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் எழுந்துபோய் நின்றேன்.

"என்ன கேட்டாங்க?"

வெளியே பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். என் வீட்டில் நான் இடம் கொடுக்காத பேச்சில், ரயிலில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும் குரலில்.

"உன்னப் பத்தி சொல்லுன்னாங்க. நீ சொல்லிக் குடுத்தத அப்டியே சொன்னேன். ரோம்ல வெள்ளத் துணிக்கு சுண்ணாம்பு தேச்சிகினு வருவாங்கோ, பளிச்சுன்னு கீற வெள்ளைக்குத்தான் அந்தப் பேருன்னு. நான் சொல்லச் சொல்ல மூணு பேரும் என் காலரையே பாத்துகினு கீறாங்க. நடுவுல குந்திகினு இருந்த ஆளுக்கு அடக்க முடில. சிரிச்சிட்டாரு. மத்த ரெண்டு பேரும் சிரிச்சிட்டாங்க."

"ஐயோ" என்றேன்.

"இது இன்னா கறைன்னாரு. கரி சார்ன்னேன். எங்கூர்ல வுழும், சுண்டுனா பூடும், தேச்சா நின்னுடும்ன்னேன். யாரு தேச்சாங்கன்னாரு. எங்கம்மான்னேன். அவங்களுக்குத் தெரியாதான்னாரு. தெரியும் சார், ஆனா எங்கம்மாவால எதையும் தொடாம வுட முடியாதுன்னேன்."

எதிர் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் பேச்சைக் கேட்பதை மறைக்கவே இல்லை.

"எதுக்கு கப்பலுக்கு வரணும்ன்னு கீறன்னாரு. கப்பல் ஏறுனா ஒம்பது மாசம் யாரும் என்னத் தேய்க்க மாட்டாங்கன்னேன். அதுக்குத்தான் ரெண்டாவது வாட்டி சிரிச்சாங்கோ."

நான் முதலில் கேட்டது இது: "இங்கிலீஷ்லயா சொன்னே?"

அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "இங்கிலீஷ்லதாம்மா. ஒரு தப்பு இல்லாம."

இருபது நாளில் முடிவு வந்தது. தேறியிருந்தாள். கடையில் அப்பாவிடம் சொன்னாள், நான் பின்னறையில் இருந்தேன். அவர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வதை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பார்த்தேன். நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். மீன்காரப் பெண்ணுக்கு லட்டு கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, "பொயச்சிகிச்சுக்கா பாப்பா" என்றாள். வேலையைச் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

அவள் பயிற்சிக்குப் போன பிறகு ஒருநாள் ட்யூஷனுக்காக அகராதியைப் புரட்டினேன். கேண்டிடேட்டுக்குச் சற்று மேலே கேண்டிட் என்ற சொல் இருக்கிறது. ஒளிவுமறைவு இல்லாத பேச்சுக்குச் சொல்வார்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் அதே வெள்ளைதான் வேர். ஆனால் நடுவில் ஒரு பொருள் இருந்து பின்னால் வழக்கொழிந்திருக்கிறது. மனதில் வன்மம் இல்லாத என்று பொருள். அந்த வரியை நான் அதற்குமுன் படித்ததில்லை.

அதைப் படித்ததிலிருந்து அந்த ரயிலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் ஆறும், நானும் என் அம்மாவிடம் கோபப்பட்டவள்தான். பழிவாங்கச் சொல்லியிருந்தாலும், அறைந்ததற்கு அது என்று எடுத்துக்கொண்டிருப்பேன். அவள் குரலில் இரண்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த நேரத்தில் காற்று திரும்பும் என்று வெளியூர்க்காரரிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

பயிற்சியிலிருந்து அப்பாவுக்கு மட்டும் போன் வரும். "அம்மா நல்லாருக்காங்களா" என்று கேட்பாள். அவர் போனை என் பக்கம் நீட்டினால் அங்கே யாரோ கூப்பிடுவார்கள். கப்பலில் ஏறி நான்கு மாதம் கழித்து, ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. இந்தத் தடவை என் போனுக்கு வந்தது. காலை நேரம். நான் மாடியில் இருந்தேன். என்ன பேச வேண்டும் என்று நான்கு மாதமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்து வைத்திருந்தேன். சட்டையை மாடிக்குக் கொண்டுபோனது நான். தேய்த்தது நான். தாழ்வாரத்தில் சொன்னது பொய். இந்த மூன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

திரையில் அவள் வந்தாள். வெள்ளைச் சீருடை. முகம் வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பின்னால் இரும்புச் சுவர். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கத்தான் செய்தாள், நான் பார்த்தேன்.

"ம்மா" என்றாள்.

"தோள்ல என்னடி கறுப்பா?" என்றேன்.

அவள் குனிந்து தன் தோளைப் பார்த்தாள். இரண்டு தோளையும் பார்த்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"டூட்டிக்கு டைமாச்சும்மா. அப்பாவக் கேட்டதா சொல்லு."

திரை அணைந்த பிறகும் அந்தப் புள்ளி அங்கேயே இருந்தது. என் போன் கண்ணாடி மேல் விழுந்திருந்த கரி. காற்று இன்னும் மேற்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஊதியிருந்தால் போயிருக்கும். அதற்குள் என் கட்டைவிரல் அதன் மேல் இருந்தது.